வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்களுக்கு

தமிழகத்தை விட்டு வடக்கே குடியேறிய நம்மவர்க்கு வெந்நீர் ஊற்று புதிய செய்தி அன்று. பத்ரிநாத் யாத்திரை சென்றவர்கள் அங்குள்ள தப்த குண்டத்தில் நீராடியிருப்பார்கள். டில்லி அன்பர்கள் குளு செல்லும்போது, மணிகரணில் கொதிக்கும் ஊற்றில் அரிசி வேகும் காட்சியைக் கண்டிருப்பார்கள். மும்பைவாசிகளுக்கு வஜ்ரேசுவரி ஒரு நாள் பிரயாணம். வங்காளத்தில் வாழ்வோர்க்கு வக்ரேசுவர் இருக்கிறது. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் அனைவரும் வெந்நீரில் அமர்வதையே பெருஞ்சுகமாகக் கருதி, அதற்கென ஊர்களையும் விடுதிகளையும் ஒழுக்க முறைகளையும் வகுத்துக்கொண்டிருப்பதைக் காண விரும்பினால், ஜப்பானுக்குத்தான் செல்லவேண்டும்.

2024-ஆம் ஆண்டு நவம்பரில் என் தாயார், மனைவி, கல்லூரியில் பயிலும் மகள் ஆகியோருடன் பத்து நாட்கள் அந்நாட்டில் சுற்றி வந்தேன். தாயாருக்கு வயது எழுபத்தொன்று. முழங்கால் வலி உண்டு. நெடுநாட்களாக அவர் என்னிடம் கேட்டுவந்தது ஒன்றே ஒன்று. "டெலிவிஷனில் காட்டினார்களே, குளிரில் ஆவி பறக்கிற வெந்நீரில் உட்கார்ந்திருந்தார்களே, அதில் ஒரு தடவை காலை வைத்துவிட்டு வந்தால் போதுமடா." அந்த ஆசையை நிறைவேற்றவே புறப்பட்டோம். அதனை ஏறக்குறையக் கெடுத்தவனும் நானே. என் தவறுகளை மறைக்காமல் எழுதுகிறேன். பின்னால் செல்பவர்களுக்கு அவை உதவக்கூடும்.

வெந்நீரின் வரலாறு

ஜப்பானில் உயிருள்ள எரிமலைகள் 111 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழைநீரும் பனிநீரும் நிலத்தினுள் இறங்கிச் சூடேறி, பாறைகளிலுள்ள உப்பு, இரும்பு, கந்தகம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலே வருகின்றன. இத்தகைய ஊற்றை அவர்கள் 'ஒன்சென்' என்பர். நாடெங்கும் சுமார் 27,000 ஊற்றுக்கள் உள்ளன. எதை ஒன்சென் என்று அழைக்கலாம் என்பதற்கு 1948-இல் இயற்றிய சட்டமே இருக்கிறது. ஊற்றுக் கண்ணில் நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். அல்லது சட்டத்தில் குறித்த பத்தொன்பது பொருள்களில் ஒன்றேனும் போதிய அளவு கலந்திருக்கவேண்டும். நீரைச் சோதித்துக் கண்ட விவரத்தைக் குளியற்கூடத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

முற்காலத்தில் ஜப்பானிய உழவர்கள் வேளாண்மை ஓய்ந்த நாட்களில் அரிசியும் பாத்திரமும் சுமந்துகொண்டு இவ்வூற்றுக்களுக்குச் செல்வார்களாம். தாமே சமைத்து உண்டு, நாள்தோறும் நீராடி, உடல்வலி தீரும்வரை தங்குவார்கள். இதற்குத் 'தோஜி' என்று பெயர். வெந்நீர் வைத்தியம் என்று பொருள் கொள்ளலாம். ஏழு நாட்கள் ஒரு சுற்று. இரண்டு மூன்று சுற்றுக்கள் தங்குவதும் வழக்கம். இந்தச் செய்தியை நான் புறப்படுமுன்பே படித்திருந்தேன். படித்தும் அதன் பொருள் என் மண்டையில் ஏறவில்லை.

என் அட்டவணையும் அது பட்ட பாடும்

பத்து நாட்களுக்கு நான் தயாரித்த அட்டவணையில் டோக்கியோ, ஹகோனே, குசாட்சு, நாகானோ, நிக்கோ, கியோட்டோ, நாரா, ஓசாகா ஆகிய எட்டு ஊர்கள் இருந்தன. இவ்வளவு செலவு செய்து போகிறோம், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம். அநேகமாக நம் குடும்பத் தலைவர்கள் அனைவருக்கும் உள்ள வியாதிதான் இது.

மூன்றாம் நாள் ஹகோனேக்குச் சென்றோம். டோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பிரயாணம். அங்கிருந்து 1919-இல் திறந்த மலை ரயில் புறப்படுகிறது. ஆயிரம் அடி சென்றால் எண்பது அடி ஏறும் செங்குத்தான பாதை அது. மூன்று இடங்களில் வண்டி நின்று, முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஏறுகிறது. அதற்குமேல் நம் பழனியில் இருக்கும் விஞ்சைப் போன்ற ஒரு வண்டி. அதற்கும் மேலே ரோப் கார். ரோப் கார் கந்தகப் புகை எழும் ஓவாகுடானி என்னும் பள்ளத்தாக்கின்மீது செல்கிறது. அங்கே ஊற்றில் வேகவைத்த முட்டையின் ஓடு கருத்துவிடும். அம்முட்டை ஒன்றை உண்டால் ஆயுளில் ஏழாண்டு கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். அப்பால் இறங்கினால் ஆஷி ஏரி. ஏரியில் படகு. வானம் தெளிவாயிருந்தால் எதிரே ஃபூஜி மலை.

இவ்வளவையும் ஒரே பகலில் முடித்துவிட்டு மாலையில் விடுதியை அடைவது என் திட்டம். நண்பகலுக்குப் பின் பலத்த காற்று வீசவே ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு நீண்ட வரிசை. தாயார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றார். விடுதியை அடைந்தபோது இரவு எட்டு மணி. ஜப்பானிய முறை விடுதிகளில், அதாவது 'ரியோகான்'களில், ஆறு அல்லது ஏழு மணிக்குச் சாப்பாடு. அதற்கு முன்பே வந்து நீராடி முடிப்பதுதான் ஒழுங்கு. அவர்கள் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆறிப்போன உணவை எடுத்துவைத்து, எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அது எனக்கு மேலும் வெட்கமாயிருந்தது. வெந்நீர் ஊற்றுக்கென்றே கடல் கடந்து வந்தவர்கள், ஊற்றிருந்த ஊரின் முதல் இரவை வெந்நீரில் விரல்கூட நனைக்காமல் உறங்கிக் கழித்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு அறையை ஒழித்துக் கொடுக்கவேண்டும். குளிப்பதற்குள் பெட்டி கட்டும் அவசரம் வந்துவிட்டது.

அன்று காலை என் மனைவிதான் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "அம்மா கேட்டது ஒரு ஊற்று. நீங்கள் எட்டு ஊர் எழுதியிருக்கிறீர்கள். எதை அடிப்பது, சொல்லுங்கள்" என்றார். நிக்கோவையும் நாகானோவையும் அடித்தோம். நாகானோவுக்கு அருகே ஜிகோகுடானி என்னுமிடத்தில், குரங்குகள் வெந்நீர்க் குளத்தில் இறங்கிக் குளிர் காய்வதைப் பார்க்கலாம். 1964-இலிருந்து அது ஒரு பூங்காவாக இருந்துவருகிறது. என் மகள் இந்தப் பிரயாணத்தில் மிகவும் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் காட்டுப்பாதையில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்கவேண்டும், பாட்டியால் இயலாது. "அடுத்த தடவை பனிக்காலத்தில் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலைவரை அவள் யாருடனும் பேசவில்லை. அங்கே பதிவு செய்திருந்த அறையைக் கடைசி நேரத்தில் நீக்கியதால் ஓர் இரவு வாடகையும் முழுவதுமாகப் போயிற்று.

குசாட்சுவில் மூன்று இரவுகள்

குசாட்சு, டோக்கியோவுக்கு வடமேற்கே கும்மா மாநிலத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். அதிவேக ரயிலில் ஐம்பது நிமிஷத்தில் தகாசாகியை அடைந்து, அங்கிருந்து சிறிய மலையோர ரயிலில் நாகானோஹாரா-குசாட்சுகுச்சி வரை சென்று, பின் பஸ் ஏறவேண்டும்.

வழியிலுள்ள தகாசாகியில் நம்மவர் இறங்கிப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்று நம் நாட்டில் மரபாகச் சொல்லப்படும் போதிதருமரே ஜப்பானியருக்குத் 'தருமா'. சுவரை நோக்கி ஒன்பது ஆண்டுகள் தவமிருந்ததால் கால்கள் தேய்ந்தன என்பது கதை. அதனால் காலில்லாத, தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும் சிவந்த பொம்மையாக அவரைச் செய்கிறார்கள். ஜப்பானில் விற்கும் தருமா பொம்மைகளில் பெரும்பகுதி இவ்வூரில் செய்தவை. எண்ணியதை வேண்டிக்கொண்டு பொம்மைக்கு ஒரு கண் எழுதுவது, எண்ணியது கைகூடியபின் மறு கண் எழுதுவது அவர்கள் வழக்கம். என் மகள் ஒன்று வாங்கினாள். ஒரு கண் எழுதியிருக்கிறது. குரங்குகளைப் பார்த்தபின்தான் மற்றொரு கண்ணாம்.

குசாட்சு ஊரின் நடுவே 'யுபாத்தாகே' இருக்கிறது. வெந்நீர் வயல் என்று பொருள். அவ்வளவு பெரிய ஊற்று நடுத்தெருவில் ஆவி கக்கிக்கொண்டிருக்கிறது. நீரை மரக் கால்வாய்கள் வழியே ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். அடியில் படியும் கந்தகத்தைச் சேகரிக்கிறார்கள். தண்ணீர் கலந்து ஆற்றினால் மருந்தின் வீரியம் குறையும் என்பதற்காக, ஆளுயர மரப்பலகைகளால் வெந்நீரைக் கிளறிக் கிளறி ஆற்றும் பழைய முறை ஒன்றும் உண்டு. பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே இதைச் செய்து காட்டுகிறார்கள். நம் ஊரில் நடவுப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஜப்பானில் மருத்துவம் கற்பிக்க 1876-இல் வந்த எர்வின் பெல்ஸ் என்னும் ஜெர்மானிய டாக்டர் இவ்வூற்றின் பெருமையை வெளி உலகுக்கு எடுத்துரைத்தார்.

இந்நீர் கடுமையான புளிப்புத்தன்மை உடையது. இரும்பு ஆணியைப் போட்டுவைத்தால் சில நாட்களில் இளைத்துவிடும். கண்ணில் பட்டால் எரியும். வெள்ளி நகைகள் கந்தகத்தால் கருத்துப்போகும். இது எங்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் குளித்து வந்த என் மனைவியின் மெட்டிகள் இரண்டும் அடுப்புக்கரி நிறமாக இருந்தன. வெள்ளி மெட்டியும் கொலுசும் அணிந்து செல்லும் சகோதரிகள் குளிக்குமுன் அவற்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

கூச்சமும் குளியலும்

இனி, எல்லோரும் கேட்கத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். பொதுக் குளியற்கூடத்தில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனி இடம் உண்டு. ஆனால் உள்ளே ஆடை எதுவும் கூடாது. நீச்சல் உடைக்கும் இடமில்லை. இதைச் சொன்னதும் என் தாயார், "கோயில் குளத்தில் புடைவையோடு முழுகி எழுந்தவளடா நான். இந்த வயதில் இதென்ன வழக்கம்?" என்று படுக்கையில் உட்கார்ந்துவிட்டார். மலை ஏறி வந்தும் வீண்தானோ என்று நான் கலங்கினேன்.

விடுதிப் பெண்மணியே வழி சொன்னார். பல விடுதிகளில் 'குடும்பக் குளியலறை' என்று ஒன்று உண்டு. நேரம் குறித்துப் பதிவு செய்துகொண்டால், சுமார் முக்கால் மணி நேரத்துக்கு அறையும் தொட்டியும் நமக்கே. உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளலாம். சில விடுதிகளில் இதற்குக் கட்டணம் உண்டு, சிலவற்றில் இல்லை. என் தாயாரும் மனைவியும் இரண்டு நாட்கள் அங்கேதான் குளித்தார்கள். வயது முதிர்ந்தவர்களுடன் செல்வோர் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே இவ்வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். முழங்கால் நோயாளிக்கு மற்றொன்றும் கேட்கவேண்டும்: கட்டில் உண்டா? பழைய முறை அறைகளில் பாய் விரித்த தரையில்தான் மெத்தை.

முறைகள் எளியவை. தொட்டிக்குள் இறங்குவது அழுக்குப் போக்கிக்கொள்வதற்கு அன்று. வெளியே சிறிய முக்காலியில் அமர்ந்து, சோப்புத் தேய்த்து நன்றாகக் குளித்து, நுரை சற்றுமின்றிக் கழுவிய பிறகே வெந்நீரில் இறங்கவேண்டும். காலிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக வெந்நீரை உடம்பில் ஊற்றிச் சூட்டைப் பழக்கிக்கொள்ளவேண்டும். கூந்தலை முடிந்துகொள்ளவேண்டும், துண்டை நீரில் நனைக்கக்கூடாது. பச்சை குத்தியிருப்பவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. கையில் பழைய காலத்துப் பச்சை உள்ள பாட்டிமார் இருந்தால் முன்னதாகக் கேட்டுவிடுவது உத்தமம். சில விடுதிகளில் ஆடவர் பகுதியையும் மகளிர் பகுதியையும் இரவில் மாற்றிவிடுவார்கள். ஆகையால் நேற்றுச் சென்ற வழியே இன்றும் செல்லாமல், வாயில் திரையிலுள்ள எழுத்தை ஒவ்வொரு முறையும் பார்த்து நுழையுங்கள்.

நீரின் வெப்பம் பொதுவாக 40 முதல் 42 பாகைவரை இருக்கும். முதல் தடவை ஐந்து நிமிஷம் போதும். உண்டவுடன் இறங்கவேண்டா. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் புறப்படுமுன்பே தங்கள் வைத்தியரைக் கலந்துகொள்ளவேண்டும். குளித்தபின் விடுதியில் தரும் 'யுகாத்தா' என்னும் பருத்தி அங்கியை உடுத்துகையில் இடப்புறம் மேலே வரவேண்டும். வலப்புறத்தை மேலே விட்டு உடுத்துவது இறந்தவர்க்குத்தான்.

சாப்பாடு

மரக்கறி உண்போர்க்கு ஜப்பான் கடினமான நாடு. கண்ணுக்குத் தெரியும் மீனை ஒதுக்கிவிடலாம். ஆனால் சாறு, குழம்பு, வேகவைத்த காய்கறி ஆகியவற்றில் உலர்ந்த மீனின் வடிநீர் கலந்திருக்கும். ஆதலால் அறை பதிவு செய்யும்போதே, மீன் வடிநீரும் ஆகாது என்று எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். அங்கே போய் இறங்கிய பின் சொன்னால் அவர்களும் சங்கடப்படுவார்கள். இயலாது என்று விடுதியார் கூறினால், உணவின்றி அறை மட்டும் எடுக்கலாம். வெந்த சோறு பொட்டலமாகவும், புளிக்காத நல்ல தயிரும் கடைகளில் கிடைக்கின்றன. கையில் புளிக்காய்ச்சலும், பருப்புப் பொடியும், ஊறுகாயும் இருந்தால் குறையில்லை. பச்சைக் கறிவேப்பிலை, பழம் முதலியவற்றைக் கொண்டுபோகாதீர்கள். விமான நிலையத்தில் தாவரச் சோதனை உண்டு.

எந்தத் திசையில் செல்வது?

ஒரே பிரயாணத்தில் நாடு முழுவதையும் பார்க்க முயலாமல், ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளவேண்டும் என்பதே என் யோசனை.

டோக்கியோவில் இறங்குவோர்க்கு ஹகோனேயும் குசாட்சுவும் பொருந்தும். ஹகோனேயில் இரண்டு இரவேனும் தங்கவேண்டும். ஒரு பகல் மலையும் ஏரியும் பார்க்க. மறு பகல் காற்றும் மழையும் கெடுத்தால் ஈடுசெய்ய.

ஓசாகாவில் இறங்குவோர்க்கு கியோட்டோவும் நாராவும் கைக்கெட்டும் தூரம். நாராவின் பெரிய புத்தர் சிலைக்கு 752-இல் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி என்பதை அங்கு நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம். கோபே நகருக்கு அருகே ஆரிமா என்னும் மிகப் பழைய ஊற்று. இரும்பு கலந்து செம்மண் நிறத்தில் வரும் நீரைப் 'பொன்னூற்று' என்றும், தெளிந்த நீரை 'வெள்ளியூற்று' என்றும் அழைக்கிறார்கள். கியோட்டோவிலிருந்து இரண்டரை மணி ரயில் தூரத்தில் கினோசாகி. அங்கே ஏழு பொதுக் குளியற்கூடங்கள். விடுதியில் தங்குவோர் யுகாத்தாவும் மரச்செருப்புமாக, வில்லோ மரங்கள் நிற்கும் கால்வாய்க் கரையில் ஒவ்வொன்றாகச் சென்று வருவார்கள். மரக்கறி உணவுக்கு ஏங்குவோர் கோயாசான் மலைக்குச் செல்லலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் கூகாய் என்னும் துறவி நிறுவிய மடங்கள் அங்குள்ளன. பல மடங்களில் யாத்திரிகர் தங்கலாம். மீனும் இறைச்சியும் இல்லாத மடத்து உணவு கிடைக்கும்.

மூன்றாவது திசை, தெற்கே கியூஷூ தீவிலுள்ள பெப்பு. அந்த ஒரு நகரில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊற்றுக்கள். 'நரகங்கள்' என்ற பெயருடன் நீலமாகவும் செந்நிறமாகவும் கொதிக்கும் குளங்கள் பார்ப்பதற்கு மட்டுமே. அவ்வூரின் கன்னாவா பகுதியில், தரையிலிருந்து வரும் ஆவியில் வள்ளிக்கிழங்கையும் சோளத்தையும் காய்கறிகளையும் வேகவைத்து உண்ணலாம். நம் இட்லிப் பானை வேலைதான். கியூஷூவின் தென்கோடியிலுள்ள இபுசுகியில், யுகாத்தாவை உடுத்தியபடியே படுக்கவைத்து, கழுத்தளவு சூடான கடல் மணலை மூடுகிறார்கள். ஆடை களையக் கூசுவோர்க்கு ஏற்ற குளியல் இது.

காலமும் செலவும்

ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலும், ஆகஸ்டு நடுவிலும், ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டியும் ஜப்பானியரே விடுமுறைக்குப் புறப்படுவதால் இடம் கிடைப்பது அரிது. ஜூனில் மழை. நவம்பர் நடுப்பகுதியும் மார்ச்சு மாதமும் பெரியவர்களுக்கு ஏற்றவை. ரியோகான்களில் வாடகை அறைக்கு அன்று, ஆளுக்கு. நடுத்தர விடுதியில் இருவேளை உணவுடன் ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சுமார் 15,000 முதல் 30,000 யென்வரை ஆகும். இனாம் கொடுப்பது வழக்கமில்லை. வெளிநாட்டார்க்கென விற்கும் ஏழு நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. ஒரே திசையில் செல்வோர்க்குத் தனித்தனிச் சீட்டே பெரும்பாலும் லாபம். பெரிய பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு முன்கூட்டி அனுப்பிவைக்கும் சேவை நாடெங்கும் இருக்கிறது. முழங்கால் வலிக்காரருடன் செல்பவர் இச்செலவுக்கு அஞ்சக்கூடாது.

குசாட்சுவில் மூன்றாம் நாள் விடியற்காலையில் கண் விழித்தபோது தாயாரின் படுக்கை காலியாக இருந்தது. என் மனைவியையும் காணவில்லை. அரை மணி கழித்து, முகம் சிவந்து, ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு இருவரும் வந்தார்கள். பொதுக் குளியற்கூடத்தின் திறந்தவெளித் தொட்டிக்குப் போய்வந்தார்களாம். அங்கே ஒரு ஜப்பானியக் கிழவி மட்டும் இருந்தாராம். தாயார் படியில் தயங்கி நின்றதைக் கண்டு, கைப்பிடி இருக்குமிடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம்.

"கூச்சமாக இல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"அங்கே யாரும் யாரையும் பார்க்கிறதில்லையடா. நானும் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டி அமர்ந்தார். முழங்கால் வலி தீர்ந்துவிட்டதாக நான் எழுதமாட்டேன். டில்லிக்குத் திரும்பியபின் அது மீண்டும் வந்துவிட்டது. ஆனால் அன்று ஊர் நடுவிலுள்ள வெந்நீர் வயலை, என் கையைப் பிடிக்காமல், அவர் இரண்டு தடவை சுற்றி வந்தார்.

ஹகோனேயில் ஓர் இரவுடன் கிளம்பியிருந்ததைப்போல இங்கும் கிளம்பியிருந்தால், அந்த மூன்றாம் நாள் காலை எங்களுக்குக் கிடைத்திராது. ஆகவே அன்பர்களே, அட்டவணை எழுதி முடித்ததும், உங்கள் குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரிடம் அதைக் கொடுங்கள். அவர் அடிக்கச் சொல்லும் ஊர்களை அடித்துவிட்டுப் புறப்படுங்கள். பிரயாணம் சுகமாக அமையும்.